விலை சொல்கிறவள்

பழைய கார் சந்தையில் பெண் பெயருக்குப் பஞ்சமில்லை. பிரீமியர் பத்மினி, சித்தூர் ராணியின் பெயரைத் தாங்கிய வண்டி. கான்டெஸா என்றால் இத்தாலிய மொழியில் பிரபு வீட்டுச் சீமாட்டி. வண்டி பார்க்க வருகிறவர்களின் பேச்சும் பெண் பார்க்க வந்த வீட்டின் பேச்சு மாதிரியே இருக்கும். "ஒரே கை வண்டிதானா?" "வெளிய அதிகம் போவாத வண்டியா?" "மேக்கப் கீக்கப் எதுவும் பண்ணலையே?" ஆனால் விலை பேசும் இடத்தில் மட்டும் பெண் இருக்க மாட்டாள். டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

நான் அந்த இடத்தில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். வேப்பூரில் அப்பா வைத்திருந்த லாரிப் பட்டறையில்தான் என் தொழில். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் விருத்தாசலத்திலிருந்து சின்னசேலம் போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஊர் இது. பழைய கான்டெஸா கார்களை வாங்கி, பிரித்து, சரிசெய்து, விற்கிறேன். இந்தத் தொழிலில் கடினமானது இரும்பு வேலை என்று பலர் நினைக்கிறார்கள். இரும்பு வேலைக்கு ஆள் கிடைக்கும். ஒரு பெண் வாயைத் திறந்து ஒரு தொகையைச் சொல்லி, அதில் நிற்பதுதான் கடினம்.

ஏன் கான்டெஸா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அங்கே 'மசில் கார்' என்று ஒரு வகை. நடுத்தர அளவுள்ள காரில் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைத் தூக்கி வைத்துவிடுவார்கள். 1964ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.விலிருந்து பலரும் இந்தக் கதையைத் தொடங்குவார்கள். 6.4 லிட்டர் எஞ்சின், 325 குதிரைத்திறன். காப்பீட்டுத் தொகை ஏறியது, புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன, 1973ல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. பத்து வருடத்துக்குள் அந்த வகை ஓய்ந்துபோனது. அன்றைக்கு வாங்க முடியாமல் ஏங்கிய பையன்கள், பின்னால் கையில் காசு சேர்ந்ததும் அதே வண்டிகளைத் தேடத் தொடங்கினார்கள். பழைய வண்டியை எடுத்துப் புதுசாக்கி விற்பது அங்கே பெரிய வியாபாரமானது இப்படித்தான்.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. மசில் கார்கள் நம் தெருவுக்கு வரவில்லை. அந்தச் சாயலில் நமக்குக் கிடைத்தது கான்டெஸா. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் நிறுவனம் தயாரிப்பை நிறுத்திவிட்ட ஒரு மாடலின் அச்சுகளை வாங்கி, இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீண்ட பானெட், அகன்ற முகம், பின்சக்கரத்தில் இழுவை. நம்மூர் இளைஞர்கள் இதையே 'இந்தியாவின் மசில் கார்' என்றார்கள். ஆனால் முதலில் அந்தப் பெரிய உடம்புக்குள் இருந்தது அம்பாசடரின் 1.5 லிட்டர் எஞ்சின்தான். 50 குதிரைத்திறன். மேட்டில் ஏற மூச்சு வாங்கும். இசுசு 1.8 லிட்டர் எஞ்சின் பிறகுதான் வந்தது. 2002ல் தயாரிப்பு நின்றது. வெளியே தசை, உள்ளே இரவல் மூச்சு என்று என் மெக்கானிக் கிண்டல் செய்வார். ஆண்மை என்று நாம் பார்த்து வளர்ந்த எத்தனையோ விஷயங்களுக்கு அது பொருந்தும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அமெரிக்கக் கதையில் எல்லோரும் அதிகம் பேசாத ஒரு பெண் இருக்கிறார். ஃபோர்டு மஸ்டாங் அறிமுகமானது 1964 ஏப்ரல் 17ஆம் தேதி. அதற்கு இரண்டு நாள் முன்பே, ஏப்ரல் 15 அன்று, சிகாகோவில் ஒரு மஸ்டாங் விற்கப்பட்டுவிட்டது. பொதுமக்களுக்கு விற்கப்பட்ட முதல் மஸ்டாங் அதுதான் என்கிறார்கள். வாங்கியவர் கெயில் வைஸ், 22 வயதுப் பள்ளி ஆசிரியை. விலை 3,447 டாலர் 50 சென்ட். பணத்தைப் பெற்றோர் கடனாகக் கொடுத்தார்கள். மஸ்டாங்கை மசில் கார் என்று ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. ஆனால் அந்தக் காலத்து ஆண்களின் கனவு வண்டி எது என்று கேட்டால் மஸ்டாங்கையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். அந்தக் கனவு வண்டியின் முதல் சாவி ஒரு டீச்சரின் கையில் இருந்தது. பிறகு அது பழுதாகி 27 வருடம் கொட்டகையில் கிடந்தது. அவருடைய கணவர் ஓய்வுபெற்ற பிறகு அதைச் சரிசெய்தார். முதலில் வாங்கியவர் யார் என்ற ஆதாரம் இருப்பதால்தான் இன்று அந்த வண்டிக்கு அவ்வளவு மதிப்பு.

அந்த டீச்சருக்குப் பெற்றோர் கடன் கொடுத்தார்கள். கொடுக்க ஆள் இல்லாத பெண் என்ன செய்வாள்? கடன் கொடுப்பதில் பெண் என்பதற்காகவோ, மணமானவள், மணமாகாதவள் என்பதற்காகவோ பாகுபாடு காட்டக்கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 1974ல்தான். அதுவரை கணவர் கையெழுத்து கேட்பது அங்கே சாதாரணம். இதற்கு நடுவே, 1955லும் 1956லும் டாட்ஜ் நிறுவனம் 'லா ஃபெம்' என்று பெண்களுக்காகவே ஒரு காரை விற்றுப் பார்த்தது. இளஞ்சிவப்பு நிறம், பொருத்தமான கைப்பை, லிப்ஸ்டிக் டப்பா எல்லாம் கூடவே வரும். வண்டி போணியாகவில்லை. பெண்ணுக்கு லிப்ஸ்டிக் டப்பா கொடுக்கத் தோன்றிய காலத்தில், கடன் கொடுக்கத் தோன்றவில்லை.

இனி வேப்பூருக்கு வருகிறேன். சரிசெய்த பழைய காரின் விலை எப்படி உருவாகிறது என்று சொன்னால்தான் நான் சொல்ல வருவது புரியும்.

முதல் விஷயம் உடம்பு. துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது நேர்மையான வேலை. பள்ளத்தில் பட்டியைப் பூசித் தேய்த்து மேலே பெயிண்ட் அடிப்பது குறுக்கு வழி. இரண்டும் பளபளப்பில் ஒன்றுதான். வித்தியாசத்தைக் காதால் கண்டுபிடிக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பட்டறை வைத்திருந்த அப்பா அல்ல, அம்மா. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அம்மா பல வருடம் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரத்தை ஈரப் பஞ்சால் துடைப்பது, சூளையிலிருந்து வந்ததைச் சுண்டிப் பார்ப்பது. நல்ல பீங்கான் கணீரென்று கேட்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் சத்தம் அடைத்துப்போகும். நான் இன்றும் காரின் கதவை விரல் கணுவால் அப்படித்தான் தட்டிக்கொண்டே போகிறேன். வெறும் தகடு பேசும். பட்டி பூசிய இடம் 'தொப்'பென்று கேட்கும். சந்தேகம் இருந்தால் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பார்ப்பேன். பட்டியில் காந்தம் ஒட்டாது. டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, கதவின் அடிவிளிம்பு, முன்கண்ணாடி பீடிங்கின் ஓரம், தரைவிரிப்புக்குக் கீழே. தண்ணீர் தேங்கும் இந்த இடங்களில்தான் துரு முதலில் வரும்.

இரண்டாவது, சாமான். குரோம் பம்பர், விளக்கு, மீட்டர் எல்லாவற்றையும் சென்னை புதுப்பேட்டையிலும் ஊர் ஊராகக் காயலாங்கடைகளிலும் தேடிப் பொறுக்க வேண்டும். மூன்றாவது, காகிதம். சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் அச்சும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். காருக்குப் பதிவு 15 வருடம். பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. காகிதம் இல்லாத அழகான வண்டி, இரும்பு விலைக்குத்தான் போகும்.

இந்தக் காகிதத்தில்தான் பெண்கள் வருகிறார்கள். நான் வாங்கிய வண்டிகளில் கணிசமானவை பெண்களின் பெயரில் இருந்தவை. சீராக வந்தது, கடனுக்காக மனைவி பெயரில் எடுத்தது, கணவர் இறந்து வந்து சேர்ந்தது. அந்தப் பெண்களில் ஒருவர்கூட அந்த வண்டியை ஓட்டியதில்லை. விற்கும்போது 29, 30 ஆகிய படிவங்களில் கையெழுத்து மட்டும் அவர்களுடையது. தொகை எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கும்போதே கையெழுத்து வாங்கியிருப்பார்கள்.

2023ல் விருத்தாசலத்துக்கு அருகே ஒரு ஊரில் 1994ஆம் வருடத்து கான்டெஸா ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. புளியமரத்தடியில் நின்றது. பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. உடையவர் இறந்து இரண்டு வருடம். மனைவிக்கு அறுபது வயதிருக்கும். அவருடைய கொழுந்தனார்தான் பேசினார்.

"காயலாங்கடைக்காரரு அறுபதாயிரம் சொல்லிட்டாரு. நீங்க ஒரு அஞ்சு சேத்துக் குடுங்க, முடிச்சிக்கலாம். அண்ணிக்கு இதெல்லாம் தெரியாது."

நான் கதவைத் தட்டிப் பார்த்தேன். அடிவிளிம்பு போயிருந்தது. மற்றபடி தகடு பேசியது. பழைய பெயிண்டே இருந்தது, பட்டி இல்லை. அந்த அக்கா டீ கொண்டுவந்து வைத்தார். உள்ளே போகாமல் நின்றார்.

"இந்த வண்டி ஓடுற மாதிரி ஆனா எவ்ளோம்மா போவும்?"

இந்தத் தொழிலில் ஒரு எழுதாத விதி உண்டு. முடித்த வண்டி என்ன விலைக்குப் போகும் என்று விற்பவரிடம் சொல்லக்கூடாது. நான் சொன்னேன். "நல்லா முடிச்சா அஞ்சரைக்கு மேல போகும்க்கா. முடிக்க மூணரைக்கு மேல செலவு. ஒன்பது மாசம் ஆகும்."

அவர் மாட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்தபடி கொஞ்சம் யோசித்தார். பால் சொசைட்டிக் கணக்கை இருபது வருடமாக மனசிலேயே போட்டவர் என்று பிறகு தெரிந்தது. "அப்ப ஒண்ணே முக்கா குடு" என்றார். கொழுந்தனார் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, பேரம் பேசினேன். ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தில் நின்றது. "என் பேங்க்ல போடு" என்றார். அதற்கு மேல் ஒரு ரூபாய் இறக்கவில்லை.

காகித வேலை ஐந்து மாதம் எடுத்தது. உடையவர் இறந்தால் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் 31ஆம் படிவத்தில் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். இங்கே யாரும் அதைச் செய்யவில்லை. அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வி, "கொழுந்தனார் வரலையா?" என்பது. 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவி, மகன், மகள், தாய் முதல் வகுப்பு வாரிசுகள். கணவரின் சகோதரர் அந்த வகுப்பிலேயே இல்லை. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றில் அந்த அக்காவும் இரண்டு மகள்களும் மட்டும்தான். மூவரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். தொகையை எழுதிய பிறகு போட்டார்கள்.

வண்டியின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வாங்கியது 1,40,000. டிங்கரிங், பெயிண்டிங் 1,55,000. எஞ்சின் 85,000. சீட், மேற்கூரைத் துணி 38,000. குரோம், பீடிங், விளக்கு 52,000. டயர் 24,000. காகிதம், அபராதம் 16,000. ஆக 5,10,000. விற்றது 5,75,000. காகிதத்துக்குக் காத்திருந்ததையும் சேர்த்துப் பதினான்கு மாதத்துக்கு லாபம் 65,000. அறுபத்தைந்தாயிரத்துக்கே வாங்கியிருந்தால் இன்னும் 75,000 கூடுதலாக நின்றிருக்கும். விழுப்புரத்தில் இதே தொழில் செய்யும் ஒரு அண்ணன், "இப்படி உண்மையப் பேசினா நீ பட்டறையை மூட வேண்டியதுதான்" என்றார்.

அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் எழுதுகிறேன். பழைய கார் வியாபாரத்தில் லாபம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, நம் கைவேலை. மற்றொன்று, எதிரில் இருப்பவரின் அறியாமை. ஆன்லைனில் நாலு விலை பார்த்துவிட்டு வரும் டாக்டரிடமோ வக்கீலிடமோ நான் கடைசி ரூபாய் வரை பேரம் பேசுவேன். அவர்களும் பேசுவார்கள். அங்கே நான் முழு வியாபாரி. ஆனால் அந்த அக்காவின் அறியாமை தானாக வந்ததல்ல. நாற்பது வருடம் அந்த வீட்டில் விலை பேசும்போதெல்லாம் அவரை உள்ளே அனுப்பி, அதை உருவாக்கியிருக்கிறார்கள். அதிலிருந்து நான் லாபம் எடுத்தால், அவர்கள் விதைத்ததை நான் அறுக்கிறேன் என்று ஆகிவிடும். நானும் உள்ளே அனுப்பப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள்தான்.

எங்கள் ஊர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர் போனது. சிறுவயதில் நான் அங்கே பார்த்தது இதே காட்சி. ஆட்டை வளர்ப்பதும் தழை ஒடித்துப் போடுவதும் குட்டி போடும் இரவில் விழித்திருப்பதும் பெரும்பாலும் பெண்கள். சந்தைக்கு ஓட்டிக்கொண்டு வருவதும் பல வீடுகளில் அவர்களே. விலை என்று வரும்போது ஆண்கள் முன்னே வந்துவிடுவார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் சந்தை வழக்கத்தை யோசித்துப் பாருங்கள். வேற்று ஆணின் கையைத் துண்டுக்குள் பிடிக்க எந்தப் பெண்ணை விடுவார்கள்? விலை பேசும் முறையே பெண்ணை வெளியே நிறுத்தும்படி அமைந்திருக்கிறது.

விற்கும்போதும் இதே சுவர்தான். சென்னையிலிருந்து ஒருவர் போனில், "வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா குடுங்கம்மா, டெக்னிக்கலா பேசணும்" என்றார். "டெக்னிக்கலாவே கேளுங்க சார்" என்றேன். கார்ப்பரேட்டரைக் கேட்டார், கம்ப்ரஷனைக் கேட்டார், ஐந்தாவது கியரைக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்தது. நேரில் வந்தபோது விலையை மெக்கானிக்கிடம் கேட்டார். மெக்கானிக் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "அத அவங்கதான் சொல்லணும்" என்றார். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது.

கணக்கில் இன்னொரு இடமும் இருக்கிறது. பெயிண்ட் அடிப்பதற்கு முன்பு உடம்பு முழுவதையும் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் மறுபடியும் தேய்ப்பு. கண்ணாடி போல வருவது பெயிண்டால் அல்ல, அந்தத் தேய்ப்பால். பல பட்டறைகளில் பெயிண்டரின் மனைவி கூடமாட வந்து அதைச் செய்துவிட்டுப் போவார். கூலி பெயிண்டரின் கணக்கில் போகும். என் நோட்டில் 'தேய்ப்பு' என்று தனி வரி உண்டு. அந்தப் பணம் அந்த அக்காவின் கைக்குப் போகும். வாங்குபவரிடம் பில் கொடுக்கும்போதும் அந்த வரி இருக்கும். "இது என்ன?" என்று கேட்பவர்களுக்குக் கதவில் அவர்கள் முகம் தெரிவதைக் காட்டுவேன்.

பெண்கள் வண்டி ஓட்டுவதை இந்தச் சமூகம் முழுக்க மறுக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. 2018ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்கப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய், அரசு மானியமாகக் கொடுத்தது. இரண்டும் பெரிய மாற்றம் கொண்டுவந்தவை. ஆனால் தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பள்ளியில் விட, வேலைக்குப் போக என்று பயன் சொன்னால்தான் பெண்ணின் கையில் வண்டியைச் சகித்துக்கொள்கிறார்கள். பழைய கான்டெஸாவுக்கு அப்படி எந்தப் பயனும் கிடையாது. பெட்ரோல் குடிக்கும், மழையில் நனையக்கூடாது, நிறுத்த இடம் வேண்டும். வெறும் ஆசை. அதுவும் விலை ஏறும் ஆசை. ஆசைப்பட்டதை வாங்கி, வைத்திருந்து, லாபத்துக்கு விற்பது ஆணுக்குப் பொழுதுபோக்கு, பெண்ணுக்குத் திமிர். எனக்கு இந்த வண்டிகள் மேல் ஆசை இருக்கிறது. அதைப் பயன் என்று மாற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

2021 ஜூலையில் மத்திய அரசு பழமை வாகனங்களுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் ஆன, அடிப்படை அமைப்பு மாறாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு புது எண். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருடம் செல்லும், அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. முதல் கான்டெஸாக்களுக்கு 2034ல் அந்த வயது வரும். இப்போது மரத்தடியில் கிடக்கும் வண்டிகளின் விலை அப்போது எங்கே போகும் என்று வியாபாரிகள் இன்றே கணக்குப் போடுகிறார்கள். அவர்கள் உங்கள் வீட்டு வாசலுக்கும் வருவார்கள்.

ஆகவே, படிக்கிற உங்களிடம் ஒரு வேலை சொல்கிறேன். வீட்டிலுள்ள வண்டிகளின் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். ஸ்கூட்டராக இருந்தாலும் சரி. யார் பெயர், எந்த வருடம், புதுப்பிக்கும் தேதி என்ன, கடன் தீர்ந்திருந்தால் வங்கியின் பெயர் நீங்கியிருக்கிறதா? ஆர்.சி.யில் நாமினி சேர்க்கும் வசதி 2021லேயே வந்துவிட்டது, அம்மாவுக்குச் செய்துகொடுங்கள். தொகை எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். யாராவது விலை கேட்டு வந்தால் மூன்று இடத்தில் விசாரித்துவிட்டு, நீங்களே வெளியே வந்து உட்கார்ந்து, ஒரு தொகையைச் சொல்லுங்கள். டீயை வேறு யாராவது போடட்டும்.